சித்தின்னா சின்னம்மா இல்ல

நாகூர்க் கடைத்தெருவுல ஒரு பழைய புத்தக அட்டையில ‘சித்தி ஜுனைதா பேகம்’னு பார்த்தப்ப எனக்கு இருபது வயசு இருக்கும். “இவங்க யாருக்குச் சித்தி?”ன்னு கடைக்கார பாய்கிட்ட கேட்டேன். சிரிச்சுட்டார். “தம்பி, சின்னம்மாவை நாங்க சாச்சின்னுதான் கூப்புடுவோம். அது அவங்க பேரு” என்றார்.

அரபுப் பேச்சுல ‘சித்தி’ன்னா ‘என் சீமாட்டி’ என்று அர்த்தம். மலேசியா, இந்தோனேசியாவுல இன்னிக்கும் ஏகப்பட்ட பெண்களுக்கு முதல் பேரே இதுதான். ‘ஜுனைத்’ங்கிறது படை என்ற சொல்லிலிருந்து வந்தது; சின்னப் படைவீரன்னு பொருள் சொல்வாங்க. 910இல் மறைந்த பாக்தாத் சூஃபி ஞானி ஒருத்தரால புகழ் பெற்ற பேரு. அதோட பெண்பால்தான் ஜுனைதா. பேகம், துருக்கி வழி வந்த மரியாதைப் பட்டம்.

‘சித்தி’க்கு உறவான ‘சித்’ என்ற சொல்லை முன்னால வச்ச ஒரு அரசி கெய்ரோவுல இருந்தாங்க: சித் அல்முல்க், ‘அரசின் சீமாட்டி’. தம்பி அல்ஹாக்கிம் 1021இல் காணாமப் போனதும், அவர் மகன் பேரால 1023 வரைக்கும் நாட்டை நடத்தினாங்க. ஏறக்குறைய நம்ம தஞ்சாவூர்க் குந்தவை காலம். ரெண்டு பேருமே ராஜாவுக்கு அக்கா!

நம்ம நாகூர் ஜுனைதா 1917இல் பிறந்தவங்க. மூணாங்கிளாஸ் வரைக்கும்தான் படிப்பு. ஆனா 1938இல் ‘காதலா கடமையா’ நாவல் வந்துச்சு, முன்னுரை உ.வே.சாமிநாதையர். தமிழ்ல நாவல் எழுதின முதல் முஸ்லிம் பெண்கள்ல ஒருத்தர். 1998இல் காலமானாங்க. வீட்டுப் பொம்பளை பேரை வெளியாள்கிட்ட சொல்லவே தயங்கின காலத்துல, முழுப் பேரையும் அட்டையில போட்டுக்கிட்டவங்க. அதைத்தான் நான் யாரோ ஒருத்தருக்குச் சித்தின்னு நெனச்சேன்.

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு ராத்திரி என் நடவுக் கூலி நோட்டைப் புரட்டினேன். ஆம்பளைங்களுக்குப் பேரு இருந்துச்சு. பொம்பளைங்க எல்லாம் ‘இன்னார் சம்சாரம்’, ‘இன்னார் அம்மா’. மறுநாள் வரப்புல நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் பேரைக் கேட்டேன். வெக்கப்பட்டுச் சிரிச்சாங்க, ஒரு அக்கா, “எதுக்குத் தம்பி, ரேஷன் கார்டுக்கா?”ன்னு கேட்டுச்சு. முப்பது வருசமா என் வயல்ல நாத்து நட்டவங்க. அவங்க பேரு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.