சீனாயின் ஏணி



சீனாய் மலையடிவாரத்தில் பழமையான மடம் ஒன்று உண்டு. கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் எழுப்பிய அதன் மதிலும் ஆலயமும் இன்றும் நிற்கின்றன. பரிசுத்த கத்தரீனாள் மடம் என்று அதை உலகம் அறியும். அங்கே, எரிகிற முட்செடியின் நினைவாக ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அதற்குள் செல்லுகிறவர்கள் காலணிகளைக் கழற்றிவிட்டே செல்லுகிறார்கள். மோசேக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையை (யாத்திராகமம் 3:5) நீங்கள் அறிவீர்கள். ஆலயவாசலில் செருப்பைக் கழற்றிவைத்துப் பழகிய நமக்கு அந்தப் பயபக்தி அந்நியமானதல்ல.

காலணியைக் கழற்றுவது எளிது. உள்ளத்தில் படிந்திருக்கும் புழுதியை எப்படிக் கழற்றுவது? இந்தக் கேள்வியோடு தம் வாழ்நாளெல்லாம் போராடிய ஒருவர் அதே சீனாயில் வாழ்ந்தார். அவர் பெயர் யோவான். 16 வயதில் அங்கே வந்து, மூத்த துறவி ஒருவரின் கீழ் கீழ்ப்படிதலைக் கற்று, பின்பு ஏறத்தாழ 40 ஆண்டுகள் மடத்துக்கு அப்பால் தனிமையில் ஜெபித்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. முதிர்ந்த வயதில் அம்மடத்தின் தலைவரானார். அப்போது செங்கடல் கரையிலிருந்த ராய்த்து மடத்தின் தலைவர், துறவிகளுக்கு வழிகாட்டும் நூலொன்றை எழுதித் தரும்படி அவரை வேண்டிக்கொண்டார். அவ்வாறு பிறந்ததே ‘ஏணி’ என்னும் நூல். ஏணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே ‘கிளிமாக்கஸ்’ என்னும் சிறப்புப் பெயரும் அவருக்கு வழங்கலாயிற்று. ஆர்த்தடாக்ஸ் மடங்களில் லெந்து காலந்தோறும் இந்நூல் வாசிக்கப்படுகிறது. லெந்து காலத்தின் நான்காம் ஞாயிறு அவருடைய நினைவுக்கென்றே குறிக்கப்பட்டுள்ளது.

யாக்கோபு கண்ட ஏணியை (ஆதியாகமம் 28) மனதில் கொண்டு எழுதப்பட்ட அந்நூலில் 30 படிகள் உள்ளன. ஆண்டவர் ஊழியத்தைத் தொடங்குமுன் மறைவாக வாழ்ந்த ஏறக்குறைய 30 ஆண்டுகளை அவை நினைவூட்டுகின்றன. அந்தப் படிகளின் வரிசையைச் சற்றே கவனியுங்கள். கோபத்தை வெல்லுதல் 8-ஆம் படி. பிறர் செய்த தீங்கை மனதில் வைத்திருத்தலை விடுவது 9-ஆம் படி. புறங்கூறுதலை விடுவது 10-ஆம் படி. வீண்பேச்சை அடக்குதல் 11-ஆம் படி. ஜெபமோ 28-ஆம் படியில்தான் வருகிறது!

துறவி ஜெபிக்காமலேயே 27 படிகள் ஏறினார் என்பது இதன் பொருளல்ல. முதல் நாளிலிருந்தே அவர் ஜெபித்தார். ஆனால் கோபத்தையும் வன்மத்தையும் நாவின் அடங்காமையையும் கீழே அப்படியே விட்டுவைத்து, ஜெபத்தின் உயரத்துக்குத் தாவிவிட முடியாது என்பதை யோவான் அறிந்திருந்தார். தேவனைத் துதிக்கும் அதே நாவினால் மனிதரைச் சபிக்கலாகாது என்று யாக்கோபு (3:9-10) எச்சரிப்பதும் இதையே அல்லவா?

புறங்கூறுதலைப் பற்றிய பகுதியில் அவர் ஒரு நிகழ்வைக் குறிப்பிடுகிறார். பிறரைத் தூற்றிக்கொண்டிருந்த சிலரை அவர் கடிந்துகொண்டபோது, அன்பினாலும் அக்கறையினாலுமே அவ்வாறு பேசுவதாக அவர்கள் சாக்குச் சொன்னார்களாம். உண்மையில் அன்பிருந்தால் அவனை இகழாமல், அவனுக்காக இரகசியமாய் ஜெபியுங்கள் என்பதே அவருடைய பதிலின் சாரம்.

பிரியமானவர்களே, இந்தச் சாக்கு வனாந்தரத்தோடு மறைந்துவிட்டதா? ‘ஜெபத்திற்காகத்தான் சொல்லுகிறேன்’ என்ற முன்னுரையோடு அடுத்த வீட்டு மகளின் பெயரும், வேலையிழந்த சகோதரனின் பெயரும் நம் நாவில் எத்தனை முறை அடிபட்டிருக்கின்றன! ஆராதனையில் முழங்கால்படியிட்ட நாம், ஆலய வாசலைக் கடக்குமுன் ஒருவரின் நற்பெயரை மிதித்துவிட்டுச் செல்லவில்லையா? அப்படி மிதிக்கப்பட்டவர் மறு ஞாயிறு ஆலயத்துக்கு வராமற்போனால், அதற்கு நாம் கணக்குக் கொடுக்க வேண்டாமா? செருப்பு வெளியே கிடக்கிறது. புழுதியோ உள்ளே வந்துவிட்டது.

அதே மடத்தில் 12-ஆம் நூற்றாண்டுத் திருவோவியம் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. துறவிகள் ஏணியில் வரிசையாக ஏறுகிறார்கள். கரிய பிசாசுகள் சிலரைக் கயிற்றாலும் அம்பாலும் கீழே இழுத்துத் தள்ளுகின்றன. ஏணியின் உச்சியிலோ கிறிஸ்து ஏறிவருகிறவரை ஏற்றுக்கொள்ளக் காத்திருக்கிறார். நற்குணம் நம் சாமர்த்தியத்தின் சம்பளமல்ல. அழைக்கிறவரும் தாங்குகிறவரும் அவரே. எனினும் காலைத் தூக்கி அடுத்த படியில் வைக்கவேண்டியவர்கள் நாமே. அந்த ஏணியின் 30-ஆம் படி எது தெரியுமா? விசுவாசம், நம்பிக்கை, அன்பு. இவற்றுள் அன்பே பெரியதென்று பவுல் நமக்குக் கற்பித்திருக்கிறார் (1 கொரிந்தியர் 13).

ஆகையால் இந்த வாரம் 10-ஆம் படியில் மட்டும் கால் வையுங்கள். யாரேனும் ஒருவருடைய குறையைச் சொல்ல நா எழும்பும்போது நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்குச் சென்று கதவைப் பூட்டி, அவருடைய பெயரைத் தேவனிடத்தில் மட்டும் சொல்லுங்கள். நீங்கள் நிற்கிற அந்த இடமும் பரிசுத்த பூமியாகும்.

கர்த்தர் தாமே நம் வாய்க்குக் காவல் வைத்து, நம்மைப் படிப்படியாய்த் தம்மண்டை சேர்த்துக்கொள்வாராக. ஆமென்.