அம்பேத்கர் என்னும் குடும்பப் பெயர்: ஓர் ஊர் மனிதப் பெயரான வரலாறு

அம்பேத்கர் என்னும் பெயரைத் தாங்கிய தெருக்களும் சிலைகளும் மன்றங்களும் இந்தியா முழுவதும் பரவிக் கிடக்கின்றன. அதே பெயரைப் பிறப்பால் குடும்பப் பெயராகப் பெற்றவர்களோ மிகச் சிலர். அண்ணலின் சொந்தக் குடும்பக் கிளைகளையும், கொங்கணத்தில் அதையொத்த ஊர்ப்பெயரை வேராகக் கொண்ட சில குடும்பங்களையும் தாண்டினால் மராத்தியர்களிடையேயும் அது அரிதாகவே காணப்படுகிறது. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, யார் அதைத் தந்தார்கள் என்ற கேள்விக்கு நம் பாடநூல்களும் மேடைகளும் ஒரு கதையை விடையாகச் சொல்லிவருகின்றன. அந்தக் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பெயரின் அமைப்பு. மராத்தியில் ஊர்ப்பெயரோடு 'கர்' என்னும் ஈறு சேர்ந்தால் 'அவ்வூரார்' என்று பொருள்படும். நாக்பூர்க்கர், கோலாப்பூர்க்கர் என்பன போன்ற பெயர்கள் அங்கே ஏராளம். மகாராட்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டம், மண்டன்கட் வட்டத்தில் உள்ள சிற்றூர் ஆம்படவே. ஆம்பாவடே என்றும் எழுதுவர். அவ்வூரார் என்பதே ஆம்பாவடேகர், அதன் சுருக்கம் ஆம்பேட்கர். 'ஆம்பா' என்பது மராத்தியில் மாவைக் குறிக்கும் சொல் என்பதால் மராத்திக் காதுக்கு அந்த ஊர்ப்பெயரில் மாமரத்தின் நிழல் தட்டுப்படும். நாம் 'அம்பேத்கர்' என எழுதுவது ஆங்கில எழுத்துக்கோவை வழியாக வந்த வடிவம். மராத்தியில் அது டகரம், தமிழில் தகரமாகிவிட்டது. இனித் திருத்தத் தேவையில்லை, அது தமிழ்ச் சொல்லாகிவிட்டது.

இவ்வாறு ஊரால் அறியப்படுவது எந்தவொரு சாதிக்கும் உரிய வழக்கமன்று. பார்ப்பனர், மராத்தர், கைவினைச் சாதியினர், மகர்கள் என எல்லாரிடமும் 'கர்' ஈற்றுப் பெயர்கள் உண்டு. அண்ணலின் தாய் பீமாபாய் பிறந்த குடும்பமே முர்பாட்கர் குடும்பம்; தாணே மாவட்டத்து முர்பாட் ஊரிலிருந்து வந்த பெயர் அது. தலித் இதழியலின் முன்னோடியாகக் கருதப்படும் கோபால் பாபா வலங்கர், 1886இல் படையிலிருந்து ஓய்வுபெற்று எழுத்துப் பணியில் இறங்கியபோது இதே வகைப் பெயரைத்தான் தாங்கியிருந்தார். சிறுவன் பீமா பள்ளிக்குச் செல்வதற்கு முன்பே, படைப்பணியால் கல்வி பெற்ற மகர் குடும்பங்களில் ஊர்வழிப் பெயர்கள் வழக்கிலிருந்தன என்பதை இது காட்டுகிறது.

அதற்கு முந்தைய நிலை வேறு. மகர் ஆண்களின் பெயர்கள் 'நாக்' என்னும் ஈற்றைப் பெற்றுவந்தன. 1818 சனவரி 1 அன்று நடந்த பீமா கோரேகாவ் போரின் நினைவுத்தூணில், கம்பெனிப் படையில் மாண்டவர்களாகப் பொறிக்கப்பட்ட 49 பெயர்களில் 22 பெயர்கள் இந்த ஈற்றைக் கொண்டவை. அந்தத் தூணில் வீழ்ந்த மகர் வீரர்களை இன்று நாம் எண்ணிச் சொல்ல முடிவதே அவ்வீற்றால்தான். சாதியை ஊர் முழுவதும் அறிவித்த அடையாளம், இரு நூற்றாண்டுக்குப் பின் அவர்களுடைய ஈகத்துக்குச் சான்றாகி நிற்கிறது. ஆயினும் அந்த ஈற்றோடு வாழ்ந்தவர்களுக்கு அது சுமையாகவே இருந்திருக்கும். அடுத்தடுத்த தலைமுறைகளில் அது உதிர்ந்துபோனதில் வியப்பில்லை.

அண்ணலின் தந்தை இராம்ஜி மாலோஜி சக்பால். சுபேதார் தகுதிவரை உயர்ந்தவர். படைப்பிரிவுப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். கபீர் நெறியைப் பின்பற்றியவர். அவர் மௌ படைமுகாமில் பணியாற்றியபோது, 1891 ஏப்ரல் 14 அன்று பதினான்காவது குழந்தையாக பீமா பிறந்தார். ஓய்வுக்குப் பின் குடும்பம் தாபோலிக்கும், பிறகு சாத்தாராவுக்கும் சென்றது. 1900 நவம்பர் 7 அன்று சாத்தாரா அரசுப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் அந்தச் சிறுவனின் பெயர் 'பீவா இராம்ஜி ஆம்பேட்கர்' என எழுதப்பட்டது. அந்த நாளை 2017 முதல் மகாராட்டிர அரசு மாணவர் நாளாகக் கொண்டாடிவருகிறது.

இனி, பரவலாகச் சொல்லப்படும் கதைக்கு வருவோம். 1954இல் வெளிவந்த தனஞ்செய் கீரின் வாழ்க்கை வரலாறு அதைப் பெரிதும் பரப்பியது. பள்ளியில் அம்பேத்கர் என்னும் குடும்பப் பெயருடைய பார்ப்பன ஆசிரியர் ஒருவர் இருந்தார், சிறுவனிடம் அன்பு காட்டினார், தம் உணவைப் பகிர்ந்தளித்தார், ஆம்பாவடேகர் என்றிருந்த பெயரைத் தம் பெயராகவே பதிவேட்டில் மாற்றினார் என்பது அதன் சாரம். ஆசிரியரின் அன்பை அண்ணல் பிற்காலத்திலும் மறக்கவில்லை என்று கீர் பதிவு செய்கிறார். தீண்டாமை கோலோச்சிய பள்ளியில் ஒருவர் உணவு தந்தார் என்றால் அது நினைக்கத்தக்க செயலே. அதில் நமக்கு மாறுபாடில்லை.

ஆனால் கதையை அதன் சொற்களிலேயே படித்தாலும் ஆசிரியர் கொடுத்தது எது? ஆம்பாவடேகர் ஏற்கெனவே குடும்பத்தின் பெயர். ஊர் அவர்களுடைய ஊர், ஈறு மராத்தி மொழியின் ஈறு. ஆசிரியர் செய்ததாகச் சொல்லப்படுவது நடுவிலிருந்த ஓரிரு அசைகளைக் குறைத்தது மட்டுமே. அதுவும் பள்ளியில் சேர்த்த பதிவிலேயே 'ஆம்பேட்கர்' என்றிருக்க, எப்போது மாற்றினார் என்ற கேள்வியும் எழுகிறது. அப்படியிருக்க, 'பார்ப்பனர் ஒருவர் தம் பெயரை அம்பேத்கருக்கு ஈந்தார்' என்று மேடைதோறும் முழங்கப்படுவதில் இராம்ஜி சக்பால் காணாமற்போகிறார். படித்த தந்தை ஒருவர், மகனைப் பள்ளியில் சேர்க்கும்போது வேர்வழிப் பெயரைத் தேர்ந்தெடுத்தார் என்னும் எளிய செய்தி, கொடைக்கதையாகத் திரிகிறது.

ஒப்பிட ஓர் எடுத்துக்காட்டு. இசைக்கலைஞர் தீனநாத் மங்கேஷ்கரும் தம் மூதாதையர் பெயரை விட்டு, கோவாவிலுள்ள மங்கேஷி ஊரின் பெயரை ஏற்றவர். அவருடைய தாய் கோயில் சேவை மரபைச் சேர்ந்தவர். எனவே அந்தப் பெயர் மாற்றத்துக்கும் சாதியோடு தொடர்புண்டு. லதா மங்கேஷ்கரின் பெயரை யாரோ வள்ளல் கொடுத்ததாக எவரும் சொல்வதில்லை. தந்தையின் முடிவு என்றே வரலாறு ஏற்கிறது. அதே உரிமையை ஒரு மகர் சுபேதாருக்கு மறுப்பானேன்?

சாதியை மறைக்கவே சக்பால் என்னும் பெயர் கைவிடப்பட்டது என்பது இன்னொரு கூற்று. அதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை. சக்பால் என்னும் குடும்பப் பெயர் கொங்கணத்தில் மராத்தரிடமும் காணப்படுவது. ஜாதவ், மோரே, கெய்க்வாட் போன்றவையும் அவ்வாறே சாதி எல்லைகளைக் கடந்தவை. பெயரைக் கேட்டவுடன் சாதியைச் சொல்லிவிட முடியாத பகுதி அது. எனவேதான் அங்கே ஊரைக் கேட்பார்கள், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், உறவினர் யார் என்று கேட்பார்கள்.

புதிய பெயரும் அண்ணலைக் காக்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் படிப்பை முடித்துத் திரும்பி பரோடா அரசில் பணியேற்ற அவருக்கு, நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சியர் விடுதியொன்றில், பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதும் ஏற்பாட்டின்பேரில் தங்கினார். சில நாட்களில் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் செய்தது. இந்த நிகழ்ச்சியை அவரே தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். உலகின் முன்னணிப் பல்கலைக்கழகமொன்றில் பயின்ற ஒருவர், தலைசாய்க்க ஓர் அறைக்காகத் தம் பெயரையே ஒளிக்க வேண்டியிருந்தது.

இது பழங்கதையன்று. சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதிகள் ஒத்தவை, பெயர்கள் மட்டும் வேறு. மேல்சாதிக் குடும்பப் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பை 1 எனக் கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67ஆகவும் முஸ்லிம் பெயருக்கு 0.33ஆகவும் இருந்தது. விண்ணப்பத்தின் முதல் வரியைத் தாண்டும் முன்பே முடிவு எழுதப்பட்டுவிடுகிறது.

இன்று இந்தப் பெயரை எத்தனை பேர் தாங்குகிறார்கள்? இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடும்பப் பெயர்வாரியான எண்ணிக்கையை வெளியிடுவதில்லை. இணையத்தில் உலவும் 'குடும்பப் பெயர்ப் பரவல்' எண்கள் தொலைபேசிப் பட்டியல், சமூக வலைத்தளக் கணக்கு போன்றவற்றிலிருந்து ஊகிக்கப்படுபவை. அவற்றை மேற்கோள் காட்டுவதை மாணவர்கள் தவிர்ப்பது நல்லது. சாதியையும் குடும்பப் பெயரையும் குழப்பினால் என்ன நேரும் என்பதற்கு 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பே சான்று. 1931இல் 4,147 சாதிகள் எண்ணப்பட்டிருக்க, 2011இல் 46 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் குவிந்தன என ஒன்றிய அரசு 2021இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. குடும்பப் பெயர், கோத்திரம், உட்பிரிவு என அவரவர் சொன்னவையெல்லாம் சாதியாக ஏறிவிட்டிருந்தன.

பிறப்பால் வந்தவர்களுக்கு அப்பால் இன்னொரு வட்டம் இருக்கிறது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் பௌத்தம் தழுவினார். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவின் 84.4 இலட்சம் பௌத்தர்களில் 65.3 இலட்சம் பேர் மகாராட்டிரத்தில் வாழ்கின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் காம்ப்ளே, வாக்மாரே, ஜாதவ் போன்ற தம் பழைய குடும்பப் பெயர்களையே வைத்திருக்கின்றனர். மதத்தை மாற்றியவர்கள் தலைவரின் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே அது அரிதாகவே எஞ்சியது. வட இந்தியாவிலோ கௌதம், பௌத்த என்பவற்றோடு அம்பேத்கர் என்பதையும் பெயரின் பின்னே சேர்த்துக்கொண்டவர்கள் உண்டு.

பெயர் பொதுவெளிக்கு வந்தபோது அதற்கு எதிர்ப்பும் கூடவே வந்தது. மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அண்ணலின் பெயரைச் சூட்ட மகாராட்டிரச் சட்டமன்றம் 1978 சூலை 27 அன்று தீர்மானம் நிறைவேற்றியதும் தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. போச்சிராம் காம்ப்ளே உள்ளிட்டோர் கொல்லப்பட்டனர். 1994 சனவரி 14 அன்றுதான், அதுவும் 'மராத்வாடா' என்னும் சொல்லை ஒட்டவைத்துக்கொண்டு, பெயர் சூட்டப்பட்டது. ஆந்திரத்தின் கோனசீமா மாவட்டத்துக்கு இப்பெயரைச் சேர்க்கும் முடிவை எதிர்த்து 2022 மே 24 அன்று அமலாபுரத்தில் அமைச்சர் ஒருவரின் வீடே கொளுத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 1989இல் வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் உருவானது. 1990களின் பிற்பகுதியில், வீரன் சுந்தரலிங்கம் பெயரிலான போக்குவரத்துக் கழகத்தை ஏற்க மறுத்து நடந்த வன்முறையின் தொடர்ச்சியாகத் தலைவர்களின் பெயர்கள் அனைத்தும் மாவட்டங்களிலும் கழகங்களிலும் கைவிடப்பட்டன. அந்த மாவட்டம் வேலூர் எனப் பெயர் மாறியது.

2018 மார்ச்சில் உத்தரப் பிரதேச அரசு, ஆவணங்களில் 'பீம்ராவ் இராம்ஜி ஆம்பேட்கர்' என எழுத ஆணையிட்டது இன்னொரு வகைச் சர்ச்சை. தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்பதே மராத்தி முறை. அரசமைப்புச் சட்டத்தின் இந்திப் படியில் அண்ணலின் கையொப்பமும் அவ்வாறே இருக்கிறது. ஆகவே வடிவம் சரியானதே. நடுப்பெயரில் உள்ள 'இராம்' என்னும் ஒலிக்காகவே இவ்வளவு அக்கறையா என்ற ஐயமும் அன்றைய அரசியலில் காரணமற்றதன்று. இராமனின் புதிர்களைக் கேள்விக்குட்படுத்திய மனிதரைக் கபீர் நெறியாளரான அவர் தந்தையின் பெயரைக் கொண்டே வளைக்க முயல்வது பொருந்தாது.

தமிழ்நாட்டில் இப்பெயரின் பயணம் தனி வகை. 1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பின் சாதிப் பின்னொட்டு பொதுவாழ்வில் மங்கியது. குடும்பப் பெயர் என்பதே நமக்கில்லை. எனவே இங்கே அம்பேத்கர் குழந்தைக்கு இடும் பெயராயிற்று. அம்பேத், அம்பேத்குமார், அம்பேத்ராஜன் எனக் கிளைத்தது. அடுத்த தலைமுறையில் அது 'அ.' என்னும் முன்னெழுத்தாகிறது. கடவுச்சீட்டு எடுக்கும்போது தந்தையின் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அமர, கொங்கணத்து ஊர்ப்பெயர் விழுப்புரத்து இளைஞருக்கு மறுபடியும் குடும்பப் பெயராகிவிடுகிறது. வெளிநாட்டில் அவரை 'மிஸ்டர் அம்பேத்கர்' என்றழைப்பார்கள். இப்படி உருவான அம்பேத்கர்களை எந்தக் கணக்கெடுப்பும் தனியே பிரித்தறியாது.

பின்னொட்டு இல்லாததால் சாதி மறைந்துவிட்டது என்று தமிழகம் பெருமைப்பட இடமில்லை. குடும்பப் பெயர் செய்யும் வேலையை இங்கே முகவரி செய்கிறது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஆனால் பல சேரிகள் முன்பே 'அம்பேத்கர் நகர்' ஆகிவிட்டன. விண்ணப்பத்தில் அந்த வரியைப் படிப்பவர் 'காலனி' என்று எழுதியிருந்தால் அறிவதை இதிலும் அறிந்துகொள்கிறார். அண்ணல் பிறந்த மௌ ஊரும் 2003இல் டாக்டர் அம்பேத்கர் நகர் ஆனது. ஊரிலிருந்து மனிதருக்கு வந்த பெயர் மனிதரிடமிருந்து மறுபடியும் ஊருக்குத் திரும்பியிருக்கிறது.

பெயரை மாற்றிக்கொள்ள விரும்புவோர் அறிய வேண்டிய தீர்ப்பொன்று உண்டு. 'மோச்சி' என்னும் தந்தையின் பெயர் இழிவைத் தருகிறது என்று, பள்ளிச் சான்றிதழில் அதை 'நாயக்' என மாற்றக் கோரிய சகோதரர்களின் வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 2023இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சாதி இழிவிலிருந்து விலகும் வகையில் தம் அடையாளத்தைத் தேர்வது, கண்ணியத்தோடு வாழும் உரிமையில் அடங்கும் என்பது அதன் உள்ளடக்கம். மாற்றிய பெயரைக் காட்டி, அப்பெயர் குறிக்கக்கூடிய சாதிக்குரிய இட ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.