கன்னியா வெந்நீரூற்றுக்கள்: நீர்க்கடனும் நோய்நீக்கமும்

திருகோணமலை நகருக்கு வடமேற்கே, அநுராதபுர வீதியை அண்டி, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தொலைவில் கன்னியா அமைந்துள்ளது. சதுரக் கட்டுக்களால் அடைக்கப்பட்ட, ஆழங்குறைந்த ஏழு கிணறுகளே இங்குள்ள வெந்நீரூற்றுக்களாம். ஒரே வளவினுள் அருகருகே இருப்பினும் அவற்றின் வெப்பநிலை ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றது.

ஐதிகம் இவ்வூற்றுக்களை நோயோடன்றி இறப்போடு தொடர்புபடுத்துகின்றது. தாயின் ஈமக்கடன் பொருட்டு இராவணன் ஏழிடங்களில் வாளால் ஊன்ற, நிலம் பிளந்து நீர் சுரந்தது என்பர். திருகோணமலைச் சைவர் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளை இங்கு ஆற்றிவந்த மரபு இவ்வைதிகத்தோடு இணைந்ததாகும். இதனுடன், வாதமும் மூட்டுநோவும் தோல்நோயும் இந்நீராற் தீரும் என்னும் நம்பிக்கையும் வளர்ந்தது. இந்நம்பிக்கை இனமத வேறுபாடின்றிப் பலரையும் இங்கு ஈர்த்தது.

இலங்கையிற் படை மருத்துவராகக் கடமையாற்றிய ஜோன் டேவி, 1821இல் வெளியிட்ட தமது நூலில் இவ்வூற்றுக்களைக் குறிப்பிட்டார். வழிபாட்டுக்குரிய நீர் இவ்வாறு ஆய்வுக்குரிய பொருளாகவும் ஆயிற்று. இலங்கையில் உயிர்ப்பெரிமலை எதுவுமில்லை. மழைநீர் பாறைப் பிளவுகளினூடே ஆழத்திற் சென்று, புவியின் உள்வெப்பத்தாற் சூடேறி மீள்கின்றது என்பதே புவியியலாளர் தரும் விளக்கம்.

நோய்நீக்கம் பற்றிய நம்பிக்கையையும் இவ்வாறே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். இளஞ்சூடு தசையின் இறுக்கத்தைத் தளர்த்தி நோவைத் தணிக்கும்; ஆயின் நோயை வேரறுக்கும் எனக் கூறுதற்கில்லை. மேலும், இங்கிலாந்தின் பாத் நகரிற் போல உடலை நீரில் அமிழ்த்தி நீராடும் வழக்கம் இங்கில்லை. வாளியால் அள்ளித் தலையில் வார்ப்பதே மரபு. பாத் நகரில் 1738இல் ஊற்றுநீர் மருத்துவமனை நிறுவப்பட்டது. கன்னியாவிலோ மருத்துவமும் கிரியையும் பிரியாதே நின்றன. துயருற்றோரும் நோயுற்றோரும் ஒரே கிணற்றில் நீர் அள்ளினர்.

அண்மைக் காலத்தில் இவ்விடத்தின் வரலாறு வழக்குக்குரிய பொருளாயிற்று. பழைய பிள்ளையார் கோயிலின் அத்திவாரம் உள்ள மேட்டில் விகாரை எழுப்பும் முயற்சி குறித்த பிணக்கு, 2019இல் திருகோணமலை மேல் நீதிமன்றத்தை அடைந்தது. தொல்பொருள் என்பது புதைந்த செங்கல் மட்டுமன்று. தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் மக்கள் ஆற்றிவந்த கடன்களும் வரலாற்றுச் சான்றுகளேயாம். அவற்றைப் புறக்கணித்து எழுதப்படும் கன்னியாவின் வரலாறு எதுவும் முழுமையுடையதாகாது.