சங்கராபுரத்து இலை ஒன்று படமாகிப் போன வழி

நட்டு இரண்டு மாதம் ஆன மரவள்ளியில், கொழுந்துக்குக் கீழே உள்ள இலையைக் கையில் பிடித்துப் பாருங்கள். தேமல் நோய் விழுந்திருந்தால் பச்சையும் வெளிர்மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்து கிடக்கும். இலை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, அளவிலும் சிறுத்துப்போயிருக்கும். இரும்புச்சத்து குறைந்தாலும் இளம் இலை மஞ்சளாகும். ஆனால் நரம்பு பச்சையாகவே நிற்கும், இலை கோணாது. செம்பேன் தாக்கினால் பொடிப்பொடியாகப் புள்ளி விழும். மூன்றையும் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கே சில நேரம் சிரமம்.

சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலையடிவாரம் வரை மரவள்ளி போடும் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஜவ்வரிசி ஆலையில் கிழங்குக்கு விலை போடுவது மாவுச்சத்துப் பாயிண்ட் கணக்கில். தேமல் கண்டால் அது குறையும்.

அப்படி ஒரு கொல்லையில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். “உரக்கடையில கேட்டு ஏதாவது மருந்து அடிச்சுடலாம்மா” என்கிறார் அப்பா. “இருங்கப்பா, போன்ல ஒரு தடவை பாத்துடலாம்” என்று மகள் இலையைப் படம் பிடிக்கிறாள். அந்தப் படத்தின் பின்னாலேயே நாமும் போனால், செயற்கை நுண்ணறிவு என்று ஊரே பேசும் சமாச்சாரம் என்னவென்று பிடிபட்டுவிடும்.

கேமராவுக்குள் நுழைந்ததுமே இலை இலையாக இல்லை, எண்களாகிவிட்டது. இந்த வேலைக்குப் பயன்பட்ட ‘இன்செப்ஷன் வி3’ என்ற கணினி வலையமைப்பை எடுத்துக்கொள்வோம். அது படத்தை 299க்கு 299 புள்ளிகளாகச் சுருக்கிக்கொள்ளும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஆக, அந்த ஒற்றை இலை இப்போது 2 லட்சத்து 68 ஆயிரம் எண்களுக்கு மேல். இந்த எண்கள் அடுக்கடுக்காக உள்ள கணக்குகளின் வழியே போகின்றன. முதல் அடுக்குகள் ஓரத்தையும் நிறமாற்றத்தையும் கவனிக்கின்றன. அடுத்தவை திட்டு, கோடு, வளைவு என்று சேர்த்துப் பார்க்கின்றன. கடைசி அடுக்கு, தேமலாக இருக்க இவ்வளவு வாய்ப்பு, செம்பேனாக இருக்க இவ்வளவு வாய்ப்பு என்று சொல்கிறது. அது சொல்வது வாய்ப்பின் அளவுதான், முடிவான தீர்ப்பு இல்லை. முகம் காட்டினால் போன் பூட்டு திறப்பதும், போனில் உள்ள படங்களை ஆள்வாரியாகப் பிரித்து வைப்பதும் இதே வகை வேலைதான்.

இந்தக் கணக்குகளை யாரும் உட்கார்ந்து எழுதிவைக்கவில்லை. மனிதர்கள் பெயர் சொல்லிக் காட்டிய படங்களைப் பார்த்துப் பார்த்து, தவறும்போதெல்லாம் தன் எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டு பழகியவை அவை. கணினி அறிவியலாளர் ஃபெய்-ஃபெய் லீ குழுவினர் 2009இல் வெளியிட்ட ‘இமேஜ்நெட்’ தொகுப்பில் நாய், பூனை, நாற்காலி, பூ என்று லட்சக்கணக்கான படங்கள் இருந்தன. இணையம் வழியே பல நாட்டுக் கூலியாட்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து அவற்றுக்குப் பெயரிட்டார்கள். அவர்கள் உழைப்பு இல்லாவிட்டால் இன்றைய அறிவாளி இயந்திரம் எதுவும் இல்லை. இதை யாரும் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

இமேஜ்நெட் படங்களில் பொதுவான பொருள்களைப் பார்க்கப் பழகிய இன்செப்ஷன் வலையமைப்புக்கு மரவள்ளியை அறிமுகப்படுத்தியது ஆப்பிரிக்கா. தான்சானியாவின் கடலோர ஊரான பாகமோயோவில் மரவள்ளிக் காடுகளில் 2,756 இலைப் படங்கள் எடுத்தார்கள். நோய் தெரிந்த வல்லுநர்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார்கள். அமாண்டா ராம்சரண், டேவிட் ஹியூஸ் முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு அது. பயிற்சியில் காட்டாத படங்களில் 93 சதவீதத்தை வலையமைப்பு சரியாகச் சொன்னது. ஹியூஸ் குழுவினரின் ‘நூரு’ செயலி இணையத் தொடர்பு இல்லாமலேயே போனுக்குள் இந்த வேலையைச் செய்கிறது. மலையில் சிக்னல் கிடைக்காமல் தவிப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சதவீதத்தைப் பார்த்து அசந்துவிடக் கூடாது. 14 பயிர்களின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு 2016இல் மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே மூவரும் செய்த ஆய்வில், இயந்திரம் 99 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. அந்தப் படங்கள் பறித்த இலையைத் தனியே வைத்து ஒழுங்காக எடுத்தவை. வேறு சூழ்நிலையில் எடுத்த படங்களைக் காட்டியதும் அது 31 சதவீதமாக விழுந்தது. மரவள்ளியிலும் இதே கதைதான்: நோய் முற்றிய இலையில் தேறிய இயந்திரம், லேசாகத் தொடங்கிய இலையில் தடுமாறியது. விவசாயிக்கு உதவி தேவைப்படுவதோ அந்த லேசான கட்டத்தில்தான்.

இன்னொன்றும் உண்டு. ஆப்பிரிக்காவில் தேமலை உண்டாக்கும் வைரஸ்கள் வேறு. இங்கே இந்திய, இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ்கள். ஒரே குடும்பம்தான், அறிகுறியும் ஒத்துப்போகும். ஆனால் முள்ளுவாடி, குங்கும ரோஸ் போன்ற நம் ரகங்களின் இலை பாகமோயோ படங்களில் இருந்திருக்க வழியில்லை. பார்க்காததை இயந்திரம் ஊகிக்கத்தான் முடியும்.

சரி, தேமல் என்றே பதில் வந்துவிட்டது. அப்போதும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. நோயைப் பரப்பும் வெள்ளை ஈயை மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்துக் குறைக்கலாம். இளம்பயிரில் நோய்கண்ட செடியைப் பிடுங்கி அழிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் செடியிலிருந்து அடுத்த நடவுக்குக் குச்சி எடுக்கக் கூடாது. நோய் ஆண்டுக்கு ஆண்டு பயணம் செய்வது விதைக்குச்சியில்தான். ஆகவே அந்தப் படத்தின் உண்மையான பலன் அடுத்த வருடக் கொல்லையில்தான் தெரியும்.

பூச்சிப் படத்தைப் பார்த்து ஆலோசனை சொல்ல, தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பு என்ற பெயரில் மத்திய அரசு 2024 ஆகஸ்டில் ஒரு செயலியைக் கொண்டுவந்தது. நல்ல தொடக்கம். ஆனால் நம் கொல்லை இலைகள் நம் ஆட்கள் கையால் பெயரிடப்பட்டுச் சேர வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அங்குள்ளவர்களும் தோட்டக்கலைத் துறையும் சங்கராபுரம், கல்வராயன் மலைக் கொல்லைகளில் ஆரம்பகட்ட நோய் இலைகளைப் படமெடுத்து, பெயரிட்டு, பொதுவில் வைக்க வேண்டும்.

அதுவரை விவசாயிகள் ஒன்று செய்யுங்கள். செயலி என்ன சொன்னாலும், மருந்து வாங்கும் முன் இலையோடு தோட்டக்கலை அலுவலரைப் பாருங்கள். போக முடியாவிட்டால் 1800-180-1551 என்ற எண்ணில் கிசான் அழைப்பு மையத்துடன் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே கேட்கலாம்.