கொம்பின் இடம்: தட்டச்சிலிருந்து கணினிக்கு

தமிழ்த் தட்டச்சுப் பயின்றோர் 'கெ' என்னும் எழுத்தைப் பெறக் கொம்பை முதலில் அடித்து, அதன்பின்னரே ககரத்தை அடித்தனர். கையெழுத்தின் வரிசையே விரலின் வரிசையாகவும் இருந்தது. தொடக்ககாலத் தமிழ் எழுத்துருக்கள் பலவும் இவ்வரிசையை அவ்வாறே ஏற்றமையால், சொற்செயலிக்கு வந்த தட்டச்சர்க்குக் கோப்பைச் சேமித்தலும் திருத்தலுமே புதியனவாயின.

உண்மையான முறிவு 1999இல் நேர்ந்தது. அவ்வாண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி உருவான தமிழ் 99 விசைப்பலகையில் ககரத்திற்குப் பின்னரே எகரம் வரும். ககரத்தை இருமுறை அடித்தால் முதலாவதன்மேல் புள்ளி தானே அமையும். மெய்யின்பின் உயிர் என்னும் தொல்காப்பிய நெறிக்கு இதுவே அணுக்கமானது. எனினும் இலக்கணப் பொருத்தம் விரற்பழக்கத்தை மாற்றிவிடவில்லை. என்.எச்.எம். ரைட்டர் போன்ற பிற்கால மென்பொருள்களும் பழைய தட்டச்சு அமைப்பைத் தமிழ் 99உடன் சேர்த்தே வழங்கின.