தச்சுப் பட்டறையில் ஓர் உடன்படிக்கை

கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்களின் முன் நம் இளைஞர் இன்று தொழில் பயில்கின்றனர். இக்கல்வியின் வேர்களுள் ஒன்றைத் தேடினால், 1852 பெப்ரவரி 8ஆம் நாள் தூரின் நகரில் எழுதப்பட்ட ஒரு தாளைக் காண்கிறோம்.

பிழைப்புத் தேடி அந்நகருக்கு வந்த ஏழைச் சிறுவர் பலர், தொழில் கற்கச் சேர்ந்த பட்டறைகளில் எடுபிடிகளாகவே உழைத்தனர். அடியும் வசையும் பெற்றனர். இவர்களுக்கு இரக்கம் மட்டும் போதாதென உணர்ந்தார் அருட்தந்தை தொன் போஸ்கோ. தச்சர் பெர்தொலினோவுக்கும் சிறுவன் ஒதாசோவுக்கும் இடையே உடன்படிக்கை செய்வித்துத் தாமும் கையொப்பமிட்டார். ஈராண்டில் தொழிலைக் கற்பிக்க வேண்டும். சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும். தொழிலுக்குப் புறம்பான வேலை ஏவலாகாது. திருநாள்களில் ஓய்வு தரவேண்டும். கூலியும் படிப்படியாக உயர வேண்டும். பையனும் பணிவோடும் கருத்தோடும் உழைக்கக் கடமைப்பட்டான்.

1853இல் தொன் போஸ்கோவின் இல்லத்திலேயே காலணி, தையல் பட்டறைகள் தோன்றின. நூற்கட்டு, தச்சு, அச்சு, இரும்பு வேலைகள் தொடர்ந்தன. 1906இல் அவருடைய சலேசியர் தஞ்சைக்கு வந்தனர். பிற்காலத்தில், இந்தியாவின் 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தை வேண்டியது.

கருவிகள் மாறிவிட்டன. ஆயினும், பழகுநர் என்று பெயரிட்டு, ஒரே பொத்தானை அழுத்தவைத்து, ஆண்டு முடிந்ததும் அனுப்பிவிடும் இடங்கள் இன்றும் உண்டு. பிள்ளையை அனுப்புமுன், "என்ன கூலி?" எனக் கேட்கும் நாம், "என்ன கற்பிப்பீர்கள்?" என்றும் கேட்போமா?