இரண்டு மணி மருந்து, எட்டு மணி பொம்மை!

1830-களின் கடைசி. கல்கத்தாவில் மூட்டுவாதத்தால் அவதிப்பட்டுக்கொண்டிருந்த ஒரு நோயாளிக்கு மதியம் இரண்டு மணிக்குப் புது மருந்து ஒன்று தரப்படுகிறது. என்ன மருந்து தெரியுமா? கஞ்சாப் பிசின்! அளவு ஒரே ஒரு 'கிரெய்ன்'. அதாவது, சுமார் 65 மில்லிகிராம்.

கொடுத்தவர் வில்லியம் ஓ'ஷாக்னஸி. அயர்லாந்துக்காரர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி பேராசிரியர் (பிற்பாடு இந்தியாவுக்குத் தந்திக் கம்பி இழுத்தவரும் இவர்தான்!). எடுத்த எடுப்பில் மனுஷன் நோயாளியிடம் போய்விடவில்லை. நாய், பூனை, கழுகு என்று பல ஜீவன்களுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் துணிந்தார்.

நாலு மணி... நோயாளி வாய் ஓயாமல் பேசுகிறார், பாடுகிறார், 'இன்னும் சாப்பாடு கொண்டா' என்று சத்தம் போடுகிறார். வியாதியே போய்விட்டதாம்! ஆறு மணிக்குத் தூக்கம். எட்டு மணிக்குப் பார்த்தால் நினைவே இல்லை. தற்செயலாகக் கையைத் தூக்கினால், தூக்கிய இடத்திலேயே நிற்கிறது, பொம்மை மாதிரி! நடுராத்திரி தாண்டித்தான் ஆள் தெளிந்தார். எல்லாவற்றையும் மணிவாரியாகக் குறித்துவைத்து, 1839-ல் வெளியிட்டார் ஓ'ஷாக்னஸி.

புகைத்தால் சில நிமிடங்களில் ஏறுகிற கஞ்சா, விழுங்கினால் மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? ஏன் இவ்வளவு நேரம் ஆட்டிவைக்கிறது? பதில் கிடைக்க 130 வருஷம் ஆனது!

போதை தரும் பொருளான டி.ஹெச்.சி-யைச் சுத்தமாகப் பிரித்து, அதன் அமைப்பைச் சொன்னவர்கள் இஸ்ரேல் விஞ்ஞானிகள் ரஃபேல் மெஷூலமும் யெஹியேல் காவோனியும். வருஷம் 1964. ஆராய்ச்சிக்காகப் போலீஸிடம் கேட்டு வாங்கிய ஐந்து கிலோ ஹஷீஷை மெஷூலம் சாதாரண பஸ்ஸில் எடுத்துப்போனார் என்பது தனிக் கூத்து!

அதன் பிறகு, 1970 வாக்கில்தான் கல்லீரலின் வேலை வெளிச்சத்துக்கு வந்தது. புகை நுரையீரலிலிருந்து ரத்தத்தில் கலந்து, நேரே மூளைக்குப் போய்விடும். விழுங்கியதோ குடலைத் தாண்டி, முதலில் கல்லீரலுக்குள் நுழைய வேண்டும். வந்த சரக்கை உருமாற்றி வெளியே தள்ளுவது கல்லீரலின் பழக்கம். ஆனால், முதல் உருமாற்றத்தில் பிறப்பது '11-ஹைட்ராக்ஸி டி.ஹெச்.சி'. அதற்கும் போதை உண்டு. மூளைக்குள் இன்னும் சுலபமாக நுழைகிற சாமர்த்தியமும் உண்டு! அடுத்த கட்டத்தில்தான் போதையில்லாத அமிலமாக மாறுகிறது. அதுவும் உடனே வெளியேறாது. டி.ஹெச்.சி கொழுப்பில் பதுங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதால், தினமும் பழகியவரின் சிறுநீர் பல வாரம் கழித்தும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆபத்து அந்த ஆரம்ப தாமதத்தில் இருக்கிறது. ஹோலியன்று பாங் குடித்துவிட்டு, 'ஒண்ணுமே ஏறலையே' என்று இன்னொரு தம்ளர் குடிப்பவர், முதல் தம்ளர் இன்னும் வழியில் இருப்பதை மறந்துவிடுகிறார். இரண்டும் சேர்ந்து தாக்கும்போது நெஞ்சு படபடக்கும், பயம் பிடித்தாட்டும்.

கனடாவிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் இன்று கஞ்சா மிட்டாய் சட்டப்படி கிடைக்கிறது. சாதாரண மிட்டாய் என்று நினைத்துத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகள் அங்கே உண்டு. 'தின்று அரை மணி ஆச்சு, குழந்தை நல்லாத்தானே விளையாடுது' என்று பெற்றோர் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. கல்கத்தா நோயாளியும் மதியம் இரண்டரைக்கு நன்றாகத்தான் இருந்திருப்பார்!